சொந்தமாக வாங்கிய அடி

யிம் பாக்-லாமின் உடம்பில் இருந்தது ஒரே ஒரு தழும்பு. அடிவயிற்றின் வலது பக்கம், சுண்டுவிரல் நீளம். பன்னிரண்டு வயதில் குடல்வாலை அறுத்தெடுத்தபோது வந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தால் சட்டையை லேசாகத் தூக்கி அதைக் காட்டுவார். ஒரு பேட்டியில் அது மூங்கில் சாரம் கிழித்தது, இன்னொரு பேட்டியில் கண்ணாடி, மூன்றாவதில் நிஜக் கத்தி. கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மறுநாள் காலை கவ்லூன் தேநீர்க்கடைகளில் பன்னைப் பிய்த்துக்கொண்டே ஆட்கள் அந்தப் படத்தைப் பார்த்து, "இவன் உடம்பு இரும்புடா" என்பார்கள்.

இரும்பு உடம்பு லாய் ஷெக்கினுடையது. பாக்-லாம் சினிமாவில் மாடியிலிருந்து குதித்த ஐந்து வருஷமும் குதித்தது ஷெக்தான். படிக்கட்டில் உருண்டது, ஓடும் டிராமில் தொங்கியது, கொதிக்கிற நூடுல்ஸ் அண்டாவுக்குள் உட்கார்ந்தது எல்லாம் அவன். அதே உயரம், அதே முதுகு, அதே தலைவெட்டு. முகம் மட்டும் யாருக்கும் ஞாபகம் நிற்காத முகம். அதனால் கேமரா அவன் முதுகோடு நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு சுவரொட்டியிலும் பாக்-லாம் பெயருக்குக் கீழே சிவப்பில் 'டூப் கிடையாது' என்று போட்டிருக்கும். அந்த ஆளின் மொத்தப் பிழைப்பும் அந்த இரண்டு வார்த்தையில்தான் நின்றது.

சனம் ஏன் இவர் படத்துக்கு அப்படி முண்டியடித்தது என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். விஷயம் ரொம்ப எளிது. மற்ற வீரர்கள் குத்தினால் வில்லன் பறப்பான், வீரனின் தலைமுடிகூடக் கலையாது. பாக்-லாம் குத்தினால் முதலில் அவர் கைதான் வலிக்கும். உதறுவார், ஊதுவார், வில்லன் பார்க்காத சமயத்தில் தொடையில் தேய்த்துக்கொள்வார். பெஞ்சைத் தூக்கிச் சுழற்றினால் அதன் மறுமுனை அவர் முகவாயிலேயே வந்து இடிக்கும். ஏணியில் ஏறித் தப்பித்தால் ஏணியோடு சாய்வார். பிளாஸ்டிக் பூ ஆலையில் பத்து மணி நேரம் நின்று, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு, அடி வாங்கி வாங்கியே ஜெயிக்கிற ஒருத்தனைப் பார்க்கவேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த அடி நிஜமாக இருக்கவேண்டும். வலி பொய் என்று தெரிந்த நிமிஷம் சிரிப்பு வராது. கேட்கக் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கொட்டகையில் உட்கார்ந்து வறுத்த கணவாயைக் கடித்தவர்களில் நாமும் உண்டுதானே.

பாக்-லாமுக்குத் திறமையே இல்லை என்று சொல்லமாட்டேன். முகம் இருந்தது. ஷெக் விழுந்து முடித்ததும் இவர் அந்த இடத்தில் போய்ப் படுத்து, ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கோணி, கன்னத்தைத் துடிக்கவைத்து ஒரு வலியைக் காட்டுவார். அதைப் பார்த்தால் பிணம்கூடச் சிரித்துவிடும். அவன் விழுவான், இவருக்கு வலிக்கும். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் ஒரு மாவீரன்.

இன்னொரு விசேஷமும் அவரிடம் உண்டு. அந்தக் காலத்தில் படம் எடுக்கும்போது ஒலி பதிவு செய்வதில்லை. குரலை எல்லாம் பிறகு வேறு ஆட்கள் பேசிச் சேர்த்துக்கொள்வார்கள். வாய் அசைந்தால் போதும். எனவே வசனம் மனப்பாடம் செய்கிற வம்பை எல்லாம் பாக்-லாம் வைத்துக்கொள்ளவில்லை, எண்களைச் சொல்வார். காதல் காட்சிக்கு மெதுவாக, சண்டைக்கு வேகமாக. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. நாலு வராது. அவர்கள் பேசுகிற காந்தனீஸில் நாலும் 'ஸேய்', சாவும் 'ஸேய்'. ராகம்தான் கொஞ்சம் வேறு. நாலைக் கண்டு ஒதுங்குகிறவர்கள்தான் அந்த ஊரில் எல்லோரும். ஆனால் இவர் ஒதுங்கியது போல யாரும் ஒதுங்கியதில்லை. நாலாம் தேதி படப்பிடிப்புக்கு வரமாட்டார். நாலு பேர் உட்கார்ந்த மேஜையில் ஐந்தாவதாக யாரையாவது இழுத்து உட்காரவைப்பார். அவர் வாயால் அந்த எண்ணைக் கேட்டவர் படக்குழுவில் ஒருவரும் கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் இந்த வண்டிக்கு அச்சாணி கழன்றது. ஒரு பத்திரிகையில் யாரோ கிசுகிசு எழுதிவிட்டார்கள்: இரும்பு மனிதர் குதிக்கும்போது காது கொஞ்சம் பெரிதாகிவிடுகிறதே, அது என்ன மாயம் என்று. அந்தப் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு தயாரிப்பாளர் தோங் படப்பிடிப்பு அரங்குக்கே வந்துவிட்டார். மூன்று மாடித் தேநீர் விடுதி போல அரங்கு. மதியச் சாப்பாட்டு நேரம். சண்டை இயக்குநர் ஃபங் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஷெக் ஒரு மூலையில் வாத்துக்கறிச் சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மறுகையால் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எதிர்க் கம்பெனிக்காரன் படம் முடிஞ்சும் சனம் எந்திரிக்க மாட்டேங்குது, லாம்," என்றார் தோங். "பேரு ஓடும்போது என்.ஜி. ஆன, சொதப்புன ஷாட்டெல்லாம் காட்டுறான். ஹீரோ விழுறான், மண்டை உடையுது, தூக்கிட்டு ஓடுறாங்க. சனம் நின்னு கைதட்டுது. நம்ம படம் முடிஞ்சா பஸ்ஸைப் பிடிக்க ஓடுது."

"நம்மளும் காட்டுவோம். நம்மகிட்ட இல்லாத என்.ஜி.யா?" என்றார் பாக்-லாம்.

ஃபங் சாம்பலைத் தட்டினார். "ஏழு டப்பா பிலிம் இருக்கு. எல்லாத்துலயும் ஷெக் மூஞ்சி."

ஷெக் மூலையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"லாமோட என்.ஜி. ஒண்ணுகூட இல்லையா?" என்றார் தோங்.

"என்.ஜி. ஆகணும்னா மொதல்ல எதையாவது செய்யணுமே முதலாளி," என்றார் ஃபங்.

பாக்-லாமுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் தோங்கே முடிவு சொன்னார்: பாக்-லாமுக்கென்று ஒரு என்.ஜி. தனியாக எடுத்தாகவேண்டும். முகம் தெரிய, விழுந்து, ரத்தத்தோடு.

மறுநாள் பேரம் தொடங்கியது. ஃபங் முதல் மாடி விளிம்பு என்றார். பாக்-லாம் படிக்கட்டு பற்றி யோசிக்கலாம் என்றார். படிக்கட்டுக்கு ஃபங் சரி என்றதும், படிக்கட்டில் ஈரம் இருக்கிறது என்றார். மேஜை? மேஜை ஆடுகிறது. பெஞ்சு? பெஞ்சு அவர் ஜாதகத்துக்கு ஆகாது. இப்படி இறங்கி இறங்கி, பதினோரு மணிக்கு ஒரு ஸ்டூலுக்கு ஒப்புக்கொண்டார். சமையல்காரர் உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்குகிற ஸ்டூல். முழங்கால் உயரம். கேமராவைத் தரையில் படுக்கவைத்து எடுத்தால் ஏதோ மாடியிலிருந்து விழுந்த கடைசிக் கட்டம் போலத் தெரியும் என்று ஃபங் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். கீழே மெத்தை, மெத்தையைச் சுற்றிச் சர்க்கரைப் பாகில் கலந்த சிவப்புச் சாயம்.

ஷெக் வந்து பக்கத்தில் நின்றான். "முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கோங்கண்ணே. விறைப்பா இறங்காதீங்க."

"ஸ்டூல்ல இருந்து இறங்குறதுக்கு எனக்குப் பாடம் எடுக்குறியா?"

"இல்லண்ணே, சும்மா சொன்னேன்."

முதல் தடவை அவர் இறங்கிய அழகைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவது போல இருந்தது. இரண்டாவது தடவை விழுவதற்கு முன்பே முகம் சுளித்துவிட்டார். மூன்றாவதில் கேமராவைப் பார்த்துச் சிரித்தார், பழக்கதோஷம். "என்.ஜி. என்.ஜி.யாயிடுச்சு, இன்னொரு என்.ஜி. போலாம்," என்று ஃபங் கத்த, விளக்குக்காரர்கள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு தப்பைச் சரியாகச் செய்ய இத்தனை பாடு.

ஏழாவது தடவை ஸ்டூலின் ஒரு கால் சர்க்கரைப் பாகில் வழுக்கியது. பாக்-லாம் மெத்தைக்கு அந்தப் பக்கம், வெறும் சிமெண்டுத் தரையில், இடது காலைத் தன் உடம்புக்கு அடியிலேயே கொடுத்து விழுந்தார். ஈரக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஸேய்," என்று அலறினார். செத்தேன் என்று. "ஸேய், ஸேய், ஸேய்."

கேமராமேன்தான் முதலில் சொன்னார். "அண்ணன் நாலு சொல்லிட்டாருடா."

படக்குழு மொத்தமும் கைதட்டியது. ஒப்பனைக்காரப் பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஐந்து வருஷமாக வராத எண் இன்றைக்கு வந்துவிட்டதே. நான்கு தடவை, அடுத்தடுத்து. "அப்படித்தாண்ணே, நிறுத்தாதீங்க, அஞ்சு, ஆறு சொல்லுங்க," என்று உதவி இயக்குநர் எடுத்துக்கொடுத்தார். பாக்-லாம் தரையை அறைந்தார். ஸேய் என்றார். ஐந்துக்கு அவர் போகவே இல்லை.

ஃபங் மட்டும் சிரிக்கவில்லை. தொழில்காரர். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. கன்னம் துடிக்கவில்லை, உதடு கோணவில்லை, நிறம் மட்டும் சோறு வடித்த கஞ்சி போல வெளுத்திருந்தது.

"கட்," என்றார். "விழுந்தது பரவாயில்ல. மூஞ்சிதான் சுத்தமா சரியில்ல லாம். வலின்னா இப்படியா இருக்கும்? நீங்க எப்பவும் காட்டுவீங்களே, அதைக் காட்டுங்க. இன்னொண்ணு போலாம்."

கையிலிருந்த சோற்றுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தது ஷெக் ஒருவன்தான். அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமான சத்தம். மண்டியிட்டு, கணுக்காலுக்கு மேலே இரண்டு விரலை வைத்தான்.

"உடைஞ்சிருக்கு."

"என்ன, ஸ்டூலா?" என்றார் ஃபங்.

"அண்ணன் காலு."

"ஸ்டூல்ல இருந்து விழுந்தா?" ஃபங்குக்குக் கடைசிவரை அது நம்ப முடியாமல்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்த பிறகும் அந்த ஸ்டூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். எட்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று பாக்-லாமைப் பார்த்தவர்கள் அவருக்கு ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். போர்வையை விலக்கி விலக்கிக் கட்டைப் பார்த்துக்கொண்டார். இது ஷெக்குடையது இல்லை, தன்னுடையது. இனி எவன் வந்து காதைப் பற்றி எழுதுவான்? தோங்கைக் கூப்பிட்டு, அந்த ஏழாவது ஷாட்டைத்தான் படத்தின் கடைசியில் வைக்கவேண்டும், பிலிமில் ஒரு அடிகூட வெட்டக் கூடாது என்றார்.

மாத்திரையின் வேகம் குறைந்ததும் வலி ஏறியது. காலை எப்படி வைத்தாலும் வலித்தது. ஷெக் ஐந்து வருஷமும் இப்படித்தான் படுத்துக் கிடந்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது வசதியான நினைப்பாக இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றே வாரத்தில் படம் வெளியானது. மொங் கொக்கில் ஒரு பெரிய கொட்டகை, பகல் காட்சி. வாசலில் கரும்பும் கணவாயும் வேகவேகமாக விற்றன. விளக்கு அணைந்த பிறகு பாக்-லாம் உள்ளே வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார். மாவுக்கட்டுக் காலை நடைவழியில் நீட்டிக்கொண்டார். ஷெக் பக்கத்து இருக்கையில் இரண்டு ஊன்றுகோல்களையும் மடியில் வைத்திருந்தான். தன் கால் உடைந்ததைச் சனம் பார்க்கப் போகிற பார்வையைப் பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

படம் பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாவது மாடியிலிருந்து துணிக்கூரைகளைக் கிழித்துக்கொண்டு ஷெக் வந்து மண்ணில் விழுந்தபோது கொட்டகையே எழுந்து நின்றது. முன் வரிசையில் ஒரு சாரம் கட்டுகிற தொழிலாளி, கழுத்தில் துண்டோடு, பக்கத்திலிருந்த கூட்டாளியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பார்த்தியா, தரை வர்றதுக்கு முன்னாடியே முட்டியை மடக்குறான். விழத் தெரிஞ்சவன்டா. இது நிஜம். நான் பந்தயம் கட்டுறேன்."

ஷெக் ஊன்றுகோலின் ரப்பரை நகத்தால் சுரண்டினான்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. யாரும் எழுந்திருக்கவில்லை. பாக்-லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் ஸ்டூல் வழுக்கியது, அவர் விழுந்தார், தரையை அறைந்தார். பின்னணியில் யாரோ கூலிக் குரல்காரன் ஒருவன் முக்கி முனகியிருந்தான். அப்புறம் ஒரு சிரிப்பு, பத்துச் சிரிப்பு, மொத்தக் கொட்டகையும். நல்ல சிரிப்பு இல்லை அது. கள்ளச் சரக்கை விற்க வந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்த சிரிப்பு.

"ஏமாத்துடா," என்றான் சாரக்காரன். "ஸ்டூல்ல இருந்து விழுந்து எவனுக்காவது கால் ஒடியுமா? மூஞ்சியைப் பாரு, செத்த மீனு மாதிரி. வலிக்கிறவன் மூஞ்சியா இது?"

"அது நிஜம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பாக்-லாம் எழுந்து நின்றுவிட்டார். விளக்குகள் எரிந்தன. "அது நிஜம்யா. இந்தக் கால்தான். பாருங்க."

தலைகள் திரும்பின. அவரை அடையாளம் கண்டுகொண்டு கூச்சல் எழுந்தது, கை தட்டினார்கள். மாவுக்கட்டைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் பெருகியது. "கட்டுப் போட்டே கூட்டிட்டு வந்துட்டாங்கப்பா, விளம்பரத்துக்கு என்னவெல்லாம் செய்றாங்க," என்றாள் கணவாய்ப் பொட்டலம் வைத்திருந்த ஒரு பெண்.

சாரக்காரன் நடைவழிக்கு வந்து நின்றான். மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணே, மூணாவது மாடி நிஜம். கண்ணால பார்த்தோம், காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாலும் கும்பிடுறோம். ஆனா இந்த ஸ்டூலை வச்சு எங்க காதுல பூ சுத்தாதீங்க. நாங்க தினமும் விழுறவங்க."

பாக்-லாமின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவமானமா, கோபமா, அவருக்கே தெரியவில்லை. சாகும்போதுகூட இவர்கள் கைதட்டுவார்கள், நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. ஷெக்கின் தோளைப் பிடித்தார். "நீ சொல்லுடா. நீ பார்த்தேல்ல. உடைஞ்சிருக்குன்னு மொதல்ல சொன்னது நீதானே. நிஜம்னு சொல்லு இவங்ககிட்ட."

ஷெக் எழுந்தான். அவர் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினான். கேலி எதுவும் அந்தக் குரலில் இல்லை.

"சொல்றேண்ணே. சொன்னா, நீ யாருடா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. நான் யாருன்னு சொல்லணும். சொன்னா, அப்ப மூணாவது மாடி யாருதுன்னு கேப்பாங்க. எதைச் சொல்லட்டும்? நீங்க எதைச் சொன்னாலும் சொல்றேன்."

கொட்டகை காத்திருந்தது. பாக்-லாம் ஷெக்கைப் பார்த்தார். அந்தச் சனத்தைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் இன்னும் அன்பு மிச்சம் இருந்தது, மூன்றாவது மாடிக்காக. அவர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கோணி, கன்னத்தைத் துடிக்கவைத்தார். கொட்டகை கொல்லென்று சிரித்தது.

"கண்டுபிடிச்சுட்டீங்களே," என்றார். "உங்ககிட்ட எவன் ஏமாத்த முடியும்? சும்மா சோதிச்சுப் பார்த்தேன்."

சீழ்க்கை பறந்தது. சாரக்காரன் பெருமையோடு கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தான். "நான் சொல்லல?"

"அப்போ அந்தக் குச்சி எதுக்கு?" என்றாள் கணவாய்க்காரி.

பாக்-லாம் ஊன்றுகோல்கள் பக்கம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஷெக் அவர் முழங்கையைப் பிடிக்க வந்தான். அவர் அதைத் தட்டிவிட்டு, நடைவழியில் இடது காலை முழுசாக ஊன்றி வைத்தார். அடுத்து வலது கால். மறுபடி இடது. எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எந்த எலும்பு எந்த இடத்தில் நகர்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஊன்றுகோல்களைச் சுமந்துகொண்டு ஓரடி பின்னால் வந்தான், கொட்டகை வாசல்வரை, தாங்கிப் பிடிக்கத் தயாராக.

பாதி வழியில் குதிகாலுக்குக் கீழே கட்டு நொறுங்கியது. வெள்ளைத் துண்டுகள் தரையில் சிதறின.

"பாரு பாரு, வெறும் மாவு," என்று அந்தப் பெண் கூவினாள்.

பாக்-லாம் நின்று, திரும்பி, அவளுக்கும் கையை ஆட்டினார்.